மெல்லிய லேப்டாப்பில் ரெவிட், லூமியன், எடிட்டிங்: நம்ம ஊர் வெக்கையில் எத்தனை வாட் நிக்கும்?

தக்கலை_வரைபடம்

கட்டட வரைபட மென்பொருள்களான ரெவிட்டும் ஆட்டோகேடும் நாள் முழுக்க ஓடும். வாரத்தில் இரண்டு நாள் லூமியன் ரெண்டர், அதாவது மாடலை நிஜம் போன்ற படமாக்கும் வேலை. சைட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அதனால் எடை 2 கிலோ பக்கத்தில் இருந்தால் நல்லது. பார்த்து வைத்திருப்பது செகண்ட்ஹேண்ட்: 15 அங்குலம், மெல்லிய அலுமினிய உடல், ஐ7-12700ஹெச் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 130 வாட் டைப்-சி சார்ஜர். அதே பிராசஸர் போட்ட தடித்த கேமிங் மாடல் அதைவிட விலை குறைவு, ஆனால் சார்ஜரோடு 3 கிலோ தாண்டும். அறையில் ஏசி இல்லை, சீலிங் ஃபேன்தான். பிராசஸர் ஒன்றே என்றால் வேகம் ஏன் மாறவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டூர்ணிமடம்_சிப்லெவல்

பேரு ஒண்ணுதான் அண்ணே, வாட் வேற. 12700ஹெச்சுக்கு இன்டெல் எழுதியிருக்கது அடிப்படை 45 வாட், டர்போ (கொஞ்ச நேரம் வேகத்தைக் கூட்டுதது) உச்சம் 115 வாட். கம்பெனிக்காரன் வேணும்னா 35க்கும் இறக்கிக்கிடலாம். இதுக்கு இடையில எங்க நிறுத்தணும்னு முடிவு பண்ணுதது லேப்டாப் செய்யுதவன். பயாஸ்ல (போர்டுக்குள்ளயே இருக்க அடிப்படை மென்பொருள்) ரெண்டு எண் இருக்கும். பிஎல்1 ரொம்ப நேரத்துக்கான வரம்பு, பிஎல்2 கொஞ்ச நேரத்துக்கான வரம்பு. அந்தக் "கொஞ்ச நேரம்" எவ்வளவுன்னு சொல்லுதது டவ். அது பல மாடல்ல 28 நொடி, சிலதுல 56 நொடி. மெல்லிய உடம்புல முதல் அரை நிமிசம் 80, 90 வாட் காட்டும். அப்புறம் 45, சூடு ஏற ஏற 35ன்னு இறங்கி நிக்கும். தடிச்சதுல 80லயே நின்னு ஓடும். யூடியூப்ல ஒரு தடவை மட்டும் டெஸ்ட் ஓட்டிக் காட்டுதது அந்த முதல் அரை நிமிசத்தைத்தான், பாத்துக்கிடுங்க.

கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான். 3050 டிஐ லேப்டாப் கார்டுக்கு என்விடியா குடுத்திருக்க எல்லை 35 முதல் 80 வாட். 4060க்கு 35 முதல் 115. அட்டைப்பெட்டியில ஒரே பேரு, உள்ளே மூணு மடங்கு வித்தியாசம். என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தா "மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்"னு ஒரு வரி இருக்கும். அதைப் பாக்காம துட்டு குடுக்காண்டாம்.

இன்னொண்ணு, கணக்கு நேராப் போடுங்க: சார்ஜர் 130 வாட். பிராசஸர் 60, கார்டு 45, திரை, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேந்து 15ன்னு வச்சாலே 120 ஆச்சு. பேட்டரி சார்ஜ் ஏற மிச்சம் 10தான். ரெண்டும் உச்சத்துல ஓடவே முடியாது.

ஆரல்வாய்மொழி_காற்றாலை

ஊர் வெயில் எவ்வளவு தின்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றினால், சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் வாட்டுக்கு ஏற்றபடி நேராகவே ஏறும். சிப் 95 டிகிரியில் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி அறையில் வித்தியாசம் 70. அதில் 45 வாட் போகிறது என்றால் 33 டிகிரி அறையில் வித்தியாசம் 62தான், எனவே போகக்கூடியது 45 × 62 ÷ 70, அதாவது ஏறத்தாழ 40 வாட். ஏசி ஸ்டூடியோவில் எடுத்த விமர்சன அளவில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தக்கலை மதியத்தில் காணாமல் போகும். இது லேப்டாப்பின் குற்றமில்லை.

காற்றின் கணக்கு இன்னும் கடுமை. 60 வாட் சூட்டை வெளியேற்ற, உள்ளே போகும் காற்று 20 டிகிரி சூடேறி வெளியே வருவதாகக் கொண்டால் நொடிக்கு 2.6 லிட்டர் காற்று வேண்டும். அதை விரல் தடிமன்கூட இல்லாத உடம்புக்குள், அடிப்பக்கம் 2 மில்லிமீட்டர் ரப்பர் கால் தரும் இடைவெளி வழியாக இழுக்கவேண்டும். ஃபேன் இறக்கை மெல்லிதாகும்போது அதே காற்றுக்கு வேகத்தைக் கூட்டவேண்டியிருக்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதற்குச் செலவாகும் மின்சாரம் மும்மடியாக ஏறும், சத்தம் அதைவிட எரிச்சலாக ஏறும். சிப்பின் சூட்டைக் கடத்தும் குழாயான ஹீட்பைப்பும் தட்டையாக்கத் தட்டையாக்க உள்ளே நீராவி போகும் வழி குறுகி, கடத்தும் வாட் குறையும்.

பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வைத்தாலே நல்ல பலன் கிடைப்பது இதனால்தான். நானூறு ரூபாய் கூலிங் பேடில் உள்ள ஃபேனைவிட, அந்தப் பேட் கொடுக்கும் உயரம்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. தேங்காய் நார் மெத்தையில் வைத்து ரெண்டர் போட்டால், சிப்பின்மேல் சூடு கடத்தத் தடவும் எந்தப் பேஸ்டும் காப்பாற்றாது.

டெஸ்க்டாப்_கட்சி

லூமியனுக்கு லேப்டாப்பே தப்பு. அதே காசில் டெஸ்க்டாப் போட்டு, சைட்டுக்கு ஒரு சாதாரண லேப்டாப் எடுத்துப்போய் ரிமோட்டில் இணையுங்கள். கடையாலுமூடு, பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் இல்லாத சைட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிடிஎஃப் எடுத்துப் போங்கள். கரண்ட் போனால் யூபிஎஸ்.

தக்கலை_வரைபடம்

கிளையன்ட் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து மாடலைச் சுழற்றிக் காட்டவேண்டும். பிடிஎஃப் போதாது. லேப்டாப்தான் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_கல்யாண_எடிட்

சூட்டுக்கு முன்னாடி வேற ஒரு தடை இருக்கு, யாரும் சொல்லலை. 3050 டிஐ லேப்டாப் கார்டில் விராம் (கார்டின் சொந்த நினைவகம்) 4 ஜிபிதான். லூமியனில் மரம், செடி, புல் போட்டதும் 4 ஜிபி நிறைஞ்சு, சாதாரண ரேமுக்குத் தாவும். அப்போ கார்டு சூடே ஆகாது, ஆனால் பிரேம் நகராது. "கூலிங் நல்லா இருக்கு"ன்னு தோணும், வேலை நடக்காது. 8 ஜிபி கார்டு 40 வாட்டில் ஓடுவது 4 ஜிபி கார்டு 80 வாட்டில் ஓடுவதைவிட உங்க வேலைக்கு மேல்.

ரெவிட், ஆட்டோகேட் கதை நேர் எதிர். வரையும்போது பெரும்பாலும் ஒரே கோர்தான் வேலை செய்யும், அதுவும் விட்டுவிட்டு. ஒரு கோர் முழு வேகத்தில் போக 20, 25 வாட் போதும். அதை எந்த மெல்லிய லேப்டாப்பும் நாள் முழுக்கத் தாங்கும். அதனால் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குத் தடித்தது தேவையே இல்லை. இரண்டு நாளுக்காகத்தான் இந்த யோசனை எல்லாம்.

எடிட்டிங் பண்ணுகிறவங்களுக்கு ஒரு வரி: கேமராவில் ஹெச்.265, 10-பிட், 4:2:2 (நிற விவரம் கூடுதலாக வைக்கும் வீடியோ வகை) எடுத்தால் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளேயே இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோப் பகுதி அதைக் குறைந்த வாட்டில் பிரித்துவிடும். என்விடியாவில் 4:2:2 வந்தது 50 வரிசையில்தான். ஹெச்.264, 10-பிட், 4:2:2 என்றால் இந்த 12ஆம் தலைமுறையில் வேலை முழுக்கப் பிராசஸர் தலையில் விழும், டைம்லைனை நகர்த்தினாலே ஃபேன் அலறும். பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் எடுக்கும் லேசான நகல்) போட்டுக்கிட்டால் முடிஞ்சது. ஆப்பிள் எம் வரிசை அமைதியா ஓடும்தான், ஆனால் ரெவிட்டும் லூமியனும் விண்டோஸ் மட்டும் என்பதால் இந்த இழைக்கு அது வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்: 2020ல் வந்த எம்1 ஏர், எம்1 13 அங்குல ப்ரோ இரண்டிலும் ஒரே சிப். ஏரில் ஃபேன் கிடையாது. சின்ன வேலையில் இரண்டும் சமம், நீண்ட எக்ஸ்போர்ட்டில் ஏர் சில நிமிஷத்தில் இறங்கும்.

தக்கலை_வரைபடம்

விராம் விஷயம் கண்ணைத் திறந்தது. அப்படியானால் 4060, 8 ஜிபி போட்ட மெல்லியது ஒன்று தேடுகிறேன். நேரில் போய்ப் பார்க்கும்போது அரை மணி நேரத்தில் எப்படிச் சோதிப்பது?

வெட்டூர்ணிமடம்_சிப்லெவல்

பெண்டிரைவ்ல ஹெச்டபிள்யூஇன்ஃபோ (வாட், சூடு காட்டுத மென்பொருள்), சினிபெஞ்ச் ஆர்23 (பிராசஸரை முழுசா ஓட்டிச் சோதிக்குதது), உங்க லூமியன் சீன் ஒண்ணு. ஒரு சின்ன அறை வெப்பமானியும் கையில இருக்கட்டும்.

முதல்ல மூடுன லேப்டாப்பைக் கண்ணாடி மேசையில வச்சு ஆட்டிப் பாருங்க. தடதடன்னு ஆடுனா, டிராக்பேட் ஒரு பக்கம் அமுங்கலைன்னா, பேட்டரி வீங்கியிருக்கு. டெஸ்டே வேண்டாம், எழும்பி வந்துருங்க. இல்லைன்னா அதோட சொந்த சார்ஜரைச் சொருகி, பவர் மோட் "பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்"ல வச்சு, சினிபெஞ்ச் மல்டிகோர் 10 நிமிசம் ஓட்டுங்க. அதுல 10 நிமிச ஓட்டம் உள்ளேயே இருக்கு. 30 நொடியில, 2 நிமிசத்துல, 10 நிமிசத்துல சிபியு பேக்கேஜ் பவர் எத்தனைன்னு எழுதிக்கிடுங்க. கடைசி எண்தான் நீங்க வாங்குதது. அடுத்தால லூமியன் ரெண்டர். பிராசஸர் வாட்டையும் கார்டு வாட்டையும் சேத்துக் கூட்டுங்க. ஒரே ஹீட்பைப்பை ரெண்டும் பங்கு போடுத மாடல்ல கார்டு ஏறுனதும் பிராசஸர் 20 வாட்டுக்கு இறங்கும். அது பழுதுன்னு நினைச்சிராதிய, வடிவமே அப்படி.

சார்ஜர்ல இருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்குதான்னு பாருங்க. இறங்குனா சார்ஜர் போதாது, இல்லைன்னா வேற சார்ஜர். டைப்-சி பவர் டெலிவரி 2021 வரைக்கும் 100 வாட்டோட முடிஞ்சுது, அதுக்கப்புறம்தான் 240 வரை வந்தது. அதனால இந்த 130 வாட் டைப்-சி எல்லாம் அந்தந்தக் கம்பெனி தனக்குன்னு வச்சுக்கிட்ட வழி. வேற கம்பெனி 100 வாட் சார்ஜரோ, டாக்கோ சொருகுனா ஓடும், ஆனா வேகத்தை அதுவே குறைச்சுக்கிடும்.

சூடு கம்மி, வேகமும் கம்மின்னா கவனம். 65 டிகிரியில 0.4, 0.8 கிகாஹெர்ட்ஸ்ல நின்னா, அது சிப் சூடு இல்லை. பிராசஸரை வேகம் குறைக்கச் சொல்லுத ப்ராஹாட் சிக்னலை வேற யாரோ இழுத்துக்கிட்டு நிக்காவ: சார்ஜரை அடையாளம் தெரியலை, இல்லைன்னா போர்டுல பவர் குடுக்கும் மாஸ்ஃபெட் பக்கம் சூடு. கடைக்காரன் "பேஸ்ட் மாத்துனா சரியாகும்"னு சொன்னா நம்பாதிய.

முட்டம்_உப்புக்காற்று

கரையோரம் இருப்பவர்களுக்கு மட்டும். உப்புத்தூள் காற்றின் ஈரம் 75 சதவீதம் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். முட்டம், குளச்சல், கன்னியாகுமரியில் ராத்திரி ஈரம் அதைத் தாண்டுவது சாதாரணம், தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஃபேன் காற்று போகும் மெல்லிய தகடுகளான ஃபின்னில் ஒட்டும் தூசி உள்நாட்டில் பஞ்சு மாதிரி வரும், இங்கே பசை மாதிரி வரும். ஊதினால் போகாது. அலுமினிய ஃபின்னில் வெள்ளைப் பொடி, செம்பில் பச்சை தெரிந்தால் தாமதம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடி திறக்கவேண்டும், கடல் பார்த்த ஜன்னல் பக்கம் மேசை என்றால் நாலு மாதம்.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை லேப்டாப்பில் காட்டாதீர்கள். நம்ம ஈரக்காற்றை அமுக்கும்போது டாங்கில் தண்ணீர் நிற்கும், எண்ணெயும் கலந்திருக்கும், இரண்டும் போர்டில் போய் உட்காரும். மென்பிரஷ், 99 சதவீத ஐசோப்ரோப்பைல், கையில் பிடிக்கும் புளோயர் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். சும்மா சுழலவிட்டால் பேரிங் கெடும்.

ஏசி அறை வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. 22 டிகிரியில் குளிர்ந்த உலோகத்தை நேராக வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் எடுத்தால் பனி பிடிக்கும், ஏனென்றால் அந்தக் காற்றின் பனிநிலை 26 டிகிரிக்குக் கிட்ட. உப்புப்படலத்தின்மேல் அந்த நீர் சேர்ந்தால் போர்டில் கசிவோட்டம், அதாவது போகக்கூடாத வழியில் மின்சாரம் கசியும். அணைத்துப் பைக்குள் வைத்து ஜிப் போட்டு, அரைமணி கழித்துத் திறந்தால் போதும்.

தோவாளை_பிச்சிப்பூ

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் இடத்துக்கு அடுத்த வீடு என்றாலும் இதே பசைதான், உப்புக்குப் பதில் தார்.

தக்கலை_வரைபடம்

வாங்கிய பிறகு வோல்டேஜைக் குறைத்தால் சூடு குறையும் என்கிறார்களே, 12ஆம் தலைமுறையில் முடியுமா?

ஆரல்வாய்மொழி_காற்றாலை

பெரும்பாலும் முடியாது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற ஓட்டை வெளியானது: வோல்டேஜை மென்பொருளில் இறக்கி, பிராசஸரின் பாதுகாப்புப் பகுதியில் கணக்குத் தவற வைப்பது. அதன்பிறகு பயாஸ் அப்டேட்டில் பூட்டிவிட்டார்கள். அதனால் வாட் வரம்பைத்தான் இறக்கவேண்டும், பலன் கிட்டத்தட்ட அதே. ஏன் என்றால் சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கம் × வேகம். வேகம் 10 சதவீதம் இறங்கி, அதோடு வோல்டேஜும் 10 சதவீதம் இறங்கினால் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.73. பத்து கொடுத்து இருபத்தேழு வாங்குகிறீர்கள்.

த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் டிபிஎல் ஜன்னல் திறந்து பிஎல்1 ஐ 35, பிஎல்2 ஐ 45 என்று வையுங்கள். சில மாடல் அதையும் பூட்டியிருக்கும். அங்கே கம்பெனி மென்பொருளில் "குவயட்" அல்லது "பேலன்ஸ்டு" மோட். கடைசி வழி, பவர் பிளானில் மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 ஆக்குவது. டர்போ முழுக்க நின்றுவிடும். 12700ஹெச்சில் பெரிய கோர்களின் அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், டர்போ 4.7. ரெவிட்டில் இந்த இறக்கம் உடனே கைக்குத் தெரியும், ரெண்டர் ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கார்டில் பூட்டு இல்லை. ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வோல்டேஜ்-வேக வளைவைத் திறந்து 850 மில்லிவோல்ட் புள்ளியில் இப்போது ஓடும் வேகத்தை வைத்து, அதற்கு வலப்பக்கம் முழுக்கச் சமமாக்குங்கள். லூமியன் ஒரு மணி நேரம் தடுக்காமல் ஓடினால் 25 மில்லிவோல்ட் இறக்குங்கள். திரை கறுத்து மீண்டால் ஒரு படி மேலே. கார்டு விட்டுக்கொடுக்கும் வாட் பிராசஸருக்குப் போகும், ஹீட்பைப் ஒன்றுதானே.

மார்த்தாண்டம்_கல்யாண_எடிட்

மூடி வைத்து வெளி மானிட்டரில் ஓட்டுவதும் கவனம். கீல் பக்கம் சூடு வெளியேறும் மாடலில் மூடினால் திரையின் கீழ்விளிம்பு வறுபடும். பாதியாவது திறந்து வையுங்க. பேட்டரி வரம்பை 80இல் நிறுத்துங்க. நூறிலேயே சொருகிக் கிடந்து, மேலிருந்து 45 டிகிரி சூடு விழுந்தால் வீங்கும்.

நாகர்கோவில்ல மூடிப் பைக்குள்ள போட்டு, திருவனந்தபுரம் பஸ் இறங்கித் திறந்தால் கொதிக்குதுன்னு சொல்லுதவங்களுக்கு: மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற விண்டோஸ் தூக்கமுறையில் அது தூங்குறதே இல்லை. மூடினால் ஹைபர்னேட் என்று மாத்துங்க.

இரணியல்_சைட்

குறுக்கே ஒரு கேள்வி. இதே மாதிரி மெல்லிய மாடல். ஒரு கடையில் பேஸ்டும், சூடு கடத்தும் மெத்துத் துண்டான பேடும் மாற்றியது. இப்போது ஆன் செய்து சினிபெஞ்ச் தொட்ட 2 நொடியில் 100 டிகிரி, வாட் 28தான். கோர் 0 வில் 78, கோர் 5 இல் 100. மாற்றுவதற்குமுன் 42 வாட் நின்றது. பேஸ்ட் மட்டமா?

வெட்டூர்ணிமடம்_சிப்லெவல்

பேஸ்ட் இல்லை, பேட் கனம். மட்டமான பேஸ்டு நிமிசக் கணக்குல ஏறும். 2 நொடியில 100 போனா ஹீட்சிங்க் (சூட்டை இழுக்குத உலோகத் தகடு) சிப்பை ஒழுங்காத் தொடலை. கோருக்குக் கோர் 22 டிகிரி வித்தியாசம் ஒரு பக்கம் தூக்கி நிக்குதுன்னு சொல்லுது. 0.5 மில்லி இருந்த இடத்துல 1 மில்லி பேட் போட்டிருப்பாவ.

பேட்டரி கனெக்டரை முதல்ல கழத்துங்க, மத்தது எல்லாம் அப்புறம். ஹீட்சிங்க்ல 1, 2, 3, 4ன்னு எண் அடிச்சிருக்கும். கழத்தும்போது 4லிருந்து 1, ஒவ்வொண்ணையும் அரைச்சுத்தா. ஒண்ணை முழுக்கக் கழத்திட்டு மத்ததைத் தொட்டா சிப் விளிம்பு உடையும், மேல மூடி இல்லாத வெறும் சிலிக்கான் அது. பழைய பேட் துண்டு ஏதாவது மிச்சம் கெடந்தா அதோட கனத்தைக் காலிபர்ல அளந்துக்கிடுங்க. கனம் தெரியலைன்னா அந்த இடத்துக்குப் பேடுக்குப் பதிலா தெர்மல் பட்டி (சூடு கடத்துத குழைவான பசை) போடுங்க. அமுக்குன அளவுக்கு அமுங்கும், ஹீட்சிங்கைத் தூக்காது.

சிப்புக்குச் சாதா பேஸ்ட் வேண்டாம். மூடி இல்லாத சிப்புல சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் சில மாசத்துல பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிரும். ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் வாங்குங்க, 45 டிகிரிக்கு மேல இளகிச் சிப்போட ஒட்டும். போலி நிறைய ஓடுது, விலை பாதியா இருந்தா விட்டிருங்க. 10 நிமிசம் ஃப்ரிட்ஜ்ல வச்சு, சிப்பைவிட ஒரு மில்லி பெருசா வெட்டி, ரெண்டு பக்க பிலிமும் உரிச்சு வைக்கணும். ஒரு பக்கத்து பிலிமை மறந்தாலும் உங்க இப்போதைய நிலைமைதான் வரும். லிக்விட் மெட்டல்னு யாராவது சொன்னா கேக்காண்டாம். காலியம் அலுமினியத்தைத் தின்னும், ஒரு துளி வழிஞ்சா போர்டு ஷார்ட்.

புதுசு போடும் முன்ன, சிப்புல ஒண்ணும் போடாம ஹீட்சிங்கை 1, 2, 3, 4ன்னு முறுக்கிக் கழத்துங்க. ஒவ்வொரு பேடுலயும் பதிவு விழுந்திருக்கணும், ஆழமா அமுங்கியிருக்கக் கூடாது. எதுல ஆழமா இருக்கோ அதுதான் தூக்குது. அந்தப் பதிவைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க, எந்தப் பேடுன்னு சொல்லுதேன்.

இரணியல்_சைட்

திறந்தாச்சு. இடப்பக்கம் காயில் வரிசைமேல் இருக்கும் பேடில்தான் பள்ளம். காலிபரில் 1.5 காட்டுகிறது. வலப்பக்கம் பழைய பேடை மாற்றவே இல்லை, அது 0.5.

வெட்டூர்ணிமடம்_சிப்லெவல்

கெடச்சாச்சு. அந்த 1.5ஐ எடுத்திட்டுப் பட்டி வைங்க, வலப்பக்கத்தைத் தொடாண்டாம். முறுக்கிட்டு மூடும் முன்ன ஒரு தடவை சினிபெஞ்ச் ஓட்டி, கோர் வித்தியாசம் 10க்குள்ள வந்தா மட்டும் அடிமூடியைப் போடுங்க.